சுப்பிரமணி கொண்டுவந்த ஸ்டாண்டு

1964ஆம் வருஷம், அன்று காலை எங்கள் ஸ்டுடியோவுக்குள் இருந்தவர்கள்: நான், என் மகன் இராமலிங்கம், மருமகள் ஜானகியம்மாள், மெட்ராஸிலிருந்து கேமரா சாமான் கொண்டுவரும் சுப்பிரமணி. வெளியே பெஞ்சில் ஆரம்பாக்கத்து கிரேஸ். அவள் உள்ளே வரவில்லை.

வேறு யாரும் இல்லை. தானும் கூட இருந்ததாகச் சொல்லிக்கொண்டு கும்மிடிப்பூண்டி பஜாரில் திரிகிற எவனையும் நம்ப வேண்டாம்.

மேஜைமேல் ஒரு படம் கிடந்தது. பக்கத்தில், மூன்று கால்களையும் மடக்கிக்கொண்டு ஒரு அலுமினிய ஸ்டாண்டு. அதை வாங்குவதா, திருப்பி அனுப்புவதா என்று படத்தைப் பார்த்து முடிவு செய்ய உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் கேமரா பெரியது. கண்ணாடி பிளேட்டில் படம் பிடிப்பது. என் தகப்பனார் காலத்திலிருந்து தேக்கு ஸ்டாண்டின் மேல்தான் நின்றது. அதைச் சுமந்துகொண்டு ரயிலேறி, இறங்கி, வரப்பில் நடந்து என் மகனின் தோள் ஒரு பக்கம் இறங்கிவிட்டது.

இருந்தும் நான் சம்மதிக்கவில்லை. ஆடிப்போன படம் ஒன்றுகூட எங்கள் ஸ்டுடியோவிலிருந்து வெளியே போனதில்லை.

"கொக்குக் கால் மாதிரி இருக்குது. இதும் மேல எங்க கேமராவா?" என்று அது வந்த முதல் நாளே கேட்டிருந்தேன்.

"கொக்கு விழுந்து பாத்திருக்கீங்களா பெரியவரே?" என்றான் சுப்பிரமணி. "ஒரு வேலைக்கு எடுத்துக்கினு போவட்டும். படம் ஆடிச்சின்னா நானே வந்து தூக்கிக்கினு போறேன்."

அந்த வேலை ஆரம்பாக்கத்திலிருந்து வந்தது. கிரேஸின் புருஷன் சாலமோனை நாற்றங்காலில் பாம்பு கடித்துவிட்டது. இறந்துவிட்டான் என்றார்கள். அவன் அதுவரை ஒரு படம்கூட எடுத்துக்கொண்டதில்லை. படம் எடுக்காமல் பெட்டியை மூட விடமாட்டேன் என்று கிரேஸ் பிடிவாதம் பிடித்தாள்.

வழக்கப்படி அவனை நாற்காலியில் உட்கார வைத்து, துணியால் சேர்த்துக் கட்டி, அவளையும் பிள்ளைகளையும் ஒரு பக்கமாக நிறுத்தினார்கள். வாசல் மண் ஈரமாக இருந்ததால் ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் இராமலிங்கம் கொட்டாங்குச்சி வைத்தான். காற்றுக்கு ஆடாமலிருக்க நடுவில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டான். கூரை நிழலில் வெளிச்சம் குறைவு. லென்ஸ் மூடியைத் திறந்து, ஐந்து எண்ணி, மூட வேண்டும். அதுவரை அசையக் கூடாது, அசைந்த இடம் படத்தில் கலைந்துவிடும் என்று நின்றவர்களிடம் சொன்னான்.

அந்தப் படம்தான் மேஜைமேல் கிடந்தது.

பூதக்கண்ணாடியை எடுத்தேன். கூரை ஓலையின் ஈர்க்கு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. பையனின் சட்டைப் பொத்தான்கள். கிரேஸின் கழுத்துச் சிலுவை. சின்னவளின் கன்னத்தில் கண்ணீர் காய்ந்த கோடு. தேக்கு ஸ்டாண்டில்கூட இதைவிடத் தெளிவாக வந்திருக்காது.

"சரி, வச்சிட்டுப் போ," என்றேன். அதைச் சொல்ல எனக்கு எளிதாக இல்லை.

சுப்பிரமணி சிரித்தான். "கொக்கு நின்னுகினு கீது, பாத்தீங்களா?"

ஜானகி பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டாள். எங்கள் படங்களுக்குப் பென்சில் பிடித்துத் திருத்துகிறவள் அவள்தான். படத்தின் மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டு வந்தவள் ஓர் இடத்தில் நிறுத்திவிட்டாள்.

"மாமா, இந்தக் கை மட்டும் ஏன் கலைஞ்சிருக்குது?"

சாலமோனின் வலது கை. முகம் தெளிவு. நாற்காலியின் கைப்பிடி தெளிவு. அதன்மேல் கிடந்த விரல்கள் மட்டும் புகை மாதிரி.

"யாராச்சும் தொட்டாங்களாடா?"

"யாரும் தொடல நைனா." இராமலிங்கம் படத்தின் மேல் குனிந்தான். "அந்தப் பக்கம் ஆளே இல்ல."

அசையாதீர்கள் என்று அவன் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். பிணத்திடம் யாரும் அதைச் சொல்வதில்லை.

ஜானகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பூதக்கண்ணாடி அவள் கையிலிருந்து நழுவி விழுந்ததை யாரும் எடுக்கவில்லை.

அடக்கம் அதற்கு முந்தின வாரமே முடிந்திருந்தது. நாடி பார்த்தவர்கள், பெட்டி செய்தவன், ஜெபம் சொன்னவர், ஐந்து எண்ணிய என் மகன், எல்லோரும் நல்லவர்கள்தான்.

வெளியிலிருந்து கிரேஸின் குரல் வந்தது. "ஐயா, படம் ரெடியா? ரயிலு வந்துடும்."

"பென்சில்ல கைய சரி பண்ணிக் குடுத்துடு," என்றான் என் மகன், பெண்டாட்டியிடம், மெதுவாக.

"நா அந்தக் கையத் தொட மாட்டேன்."

கத்தரிக்கோலை நான் எடுத்தேன். முகத்தை மட்டும் விட்டு மீதியை வெட்டினேன். பிள்ளைகள் போனார்கள். சிலுவை போயிற்று. தீப்பெட்டி அளவுக்கு ஒரு முகம் மிஞ்சியது. அதைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மீதி எங்க ஐயா? நாங்கல்லாம் நின்னமே?"

என் தகப்பனார் பெயர் எழுதிய பலகைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன்.

"ஸ்டாண்டு ஆடிடுச்சும்மா," என்றேன். "புது ஸ்டாண்டு. இதான் தேறிச்சு."

"மொகம் நல்லாத்தான் கீது," என்றாள் அவள். எனக்கு ஆறுதல் சொல்வது போல. படத்தை முந்தானையில் முடிந்துகொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள்.

ஸ்டாண்டைத் திருப்பி அனுப்பவில்லை. இன்றுவரை எங்கள் கேமரா அதன் மேல்தான் நிற்கிறது.

கிரேஸ் போன மாசியில் காலமானாள். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஸ்டுடியோ ஆடுகிற ஸ்டாண்டை வாங்கி ஏமாந்தது என்றும், ஒரு ஏழைப் பெண்ணிடமிருந்த ஒரே படத்தைக் கெடுத்துவிட்டது என்றும் பஜாரில் இன்னமும் பேசுகிறார்கள்.

ஸ்டாண்டு ஆடவில்லை.