படம், படம், படம்

மதிய மழை விட்டதும் இரத்தினபுரித் தேயிலைக் கடைக்குள் வெயில் சாய்வாக விழுகிறது. பார்வையற்ற ஏரம்பமூர்த்தி வெள்ளைப் பிரம்பை மேசையில் சாய்த்துவிட்டு, கடையின் வெப்சைட்டைத் தன் போனில் விரலால் தடவுகிறார். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் குரல், “படம்... படம்... படம்...” என்கிறது. எதிரே நிற்கும் கடைப்பெண் பிரேமலதாவின் கை தேயிலைப் பொட்டலத்தின் மேல் அப்படியே நின்றுவிடுகிறது. அந்த வெப்சைட்டைச் செய்தவள் அவள்தான். தமிழ் எழுத்து சில போன்களில் உடைந்து தெரிகிறதென்று பெயர், விலை எல்லாவற்றையும் அழகழகான படங்களாக்கிப் போட்டிருக்கிறாள்; படத்துக்குள் இருக்கும் எழுத்தை அந்தக் குரலால் வாசிக்க முடியாது. “எங்கட சங்கத்தில கண் தெரியாத ஆக்கள் கனபேர் உங்களிட்ட வாங்கத்தான் பாத்தவை, பிள்ளை. போன் ஒண்டையும் வாசிக்கேல்லை. வேற கடையில ஓடர் போட்டிட்டினம். எனக்கு உங்கட தேயிலைதான் வேணும், அதுதான் பஸ் ஏறி வந்தனான்.” அவள் வாயைத் திறக்கிறாள். உள்ளறையில் முதலாளி இருமுகிறார். “என்ர போன்தான் பிழை போல,” என்கிறார் ஏரம்பமூர்த்தி. “இருக்கலாங்க சேர்... போன் பழசாயிருச்சில்ல.” சொல்லிவிட்டு, அவர் கேட்காத ஒரு சின்னப் பொட்டலத்தையும் சத்தமில்லாமல் அவருடைய பைக்குள் வைக்கிறாள். அவர் போனைக் கைலேஞ்சியால் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார். “அப்ப மகனிட்டச் சொல்லிப் புதுசொண்டு வாங்கத்தான் வேணும்.”