இன்னொரு தடவை

காதுக்குள் குரல் வாசிக்கத் தொடங்கியது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் வாக்கியம் முடிந்தது. இரண்டாவது வந்தது. குரல் நிற்கவில்லை.

கல்லூரி நூலகத்தின் கணினி அறை. பக்கத்து இருக்கையில் நூலகர் தமயந்தி, தன் வேலையைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

மின்னூல்களை யார் படிக்கிறார்கள், யார் படிப்பதில்லை, ஏன் என்பதுதான் தமயந்தியின் முனைவர் பட்ட ஆய்வு. சென்ற பருவத்தில் மாணவர் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு வந்தார். வரலாற்றுத் துறையில் இவளையும் கேட்டார். பிறவியிலேயே பார்வை இல்லாதவள்.

"புத்தகம் திறக்குது மேடம். பேசத்தான் மாட்டேங்குது."

கல்லூரி விலை கொடுத்து வாங்கிய புத்தகம். பதிப்பகம் அதைப் பூட்டி அனுப்பியிருந்தது. கண்ணால் பார்க்கலாம். எழுத்தை வாசித்துச் சொல்லும் கணினியின் குரலால் அதைத் தொட முடியாது.

தமயந்தி அன்று அடுத்த மாணவரிடம் போகவில்லை.

பதிப்பகத்தை அழைத்தார். பூட்டை எடுத்தால் நகல் போட்டுவிடுவார்கள் என்றார்கள். மறுபடி அழைத்தார். முதல்வரைப் பேச வைத்தார். பார்வையற்றோருக்கு விலக்குத் தரும் சட்டத்தைச் சொன்னார். கடைசியில் நேரிலேயே போய் உட்கார்ந்துகொண்டார்.

பூட்டில்லாத பிரதி இன்று காலை வந்தது.

ஓர் ஆற்றுப் பரிசல் துறையின் வரலாறு அது. அவளுக்குத் தெரிந்த புத்தகம்தான். விடுதியில் அறைத்தோழி ஜெசிந்தா வாசித்துக் காட்டியிருக்கிறாள். வேதியியல் படிக்கிறவள். தன் பாடத்தை ஒதுக்கிவிட்டு வாசித்தாள். கொட்டாவியை மறைத்தாள்.

மறைப்பது கேட்கும்.

புரியாத இடத்தில், இன்னொரு தடவை என்று இவளுக்கு நாக்கு நுனி வரை வரும். கேட்க மாட்டாள்.

இப்போது விசையை அழுத்தினாள். குரல் பின்னால் போய் அதே வாக்கியத்தை வாசித்தது.

இன்னொரு தடவை.

குரல் பெருமூச்சு விடவில்லை.

வேகத்தைக் கூட்டினாள். குறைத்தாள். சும்மா கடைசிப் பக்கம் வரை ஓடிப்போய்த் திரும்பி வந்தாள்.

அப்புறம் அடிக்குறிப்புகள் வந்தன.

ஜெசிந்தா அவற்றை வாசித்ததில்லை. சின்ன எழுத்து, முக்கியமில்லை என்று விட்டிருப்பாள். இத்தனை இருக்கும் என்றே இவளுக்குத் தெரியாது. ஒரு குறிப்பில் ஆசிரியர் இன்னோர் ஆசிரியரைத் திட்டியிருந்தார். இன்னொன்றில், பரிசலில் ஏற மறுத்த ஆட்டுக்கும் கூலி கேட்டு ஒரு பரிசல்காரர் வழக்குப் போட்டிருந்தார்.

வாய்விட்டுச் சிரித்தாள்.

தமயந்தி நிமிர்ந்து பார்த்தார்.

மூன்றாம் அத்தியாயத்தில் அவள் விரல் நின்றது.

பாலம் திறந்ததால்தான் பரிசல் நின்றது என்றார் ஆசிரியர்.

கீழே அடிக்குறிப்பு. பரிசல் ஓட்டும் கடைசிக் குத்தகை முடிந்த வருடத்தைச் சொன்னது. பாலம் அதற்குப் பிறகு வெகுகாலம் கழித்துத்தான் திறந்திருக்கிறது.

மேலே போனாள். கீழே வந்தாள். மறுபடி மேலே.

நெற்றி சுருங்கியது.

தமயந்தி அதைக் கவனித்தார். நாற்காலியை நகர்த்திக்கொண்டு அருகே வந்தார்.

"என்னம்மா? ஃபைல்ல ஏதும் தப்பா வருதா?"

"ஃபைல் நல்லாத்தான் இருக்கு மேடம். அவர் எழுதுனதுலதான் தப்பு."

எந்தப் புத்தகத்தைப் பற்றியும் அவள் இதற்கு முன் அப்படிச் சொன்னதில்லை.

பிறகு முகம் முழுக்க மலர்ந்தது.

புதிய பக்கம் ஒன்றைத் திறந்தாள். ஆசிரியர் சொன்னதை அப்படியே தட்டச்சு செய்தாள். முற்றுப்புள்ளி வைத்தாள்.

அடுத்த வரியில் 'ஆனால்' என்று எழுதினாள்.