நான்காவது சொல்

"மூணு போதும் நாகேந்திரன். நாலாவது எதுக்கு?" என்றார் மருத்துவமனை மேலாளர் கார்த்திகேய சிவம்.

சுவரில் விழுந்த புரொஜெக்டர் வெளிச்சத்தில் அந்த மூன்றும் இருந்தன. குணமாகி வீடு திரும்பினார். சொந்த விருப்பத்தில் வெளியேறினார். மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்.

காரைக்குடியிலும் திருப்பத்தூரிலும் தேவகோட்டையிலும் கிளை வைத்திருந்த தனியார் மருத்துவமனை அது. மூன்று கிளைக்கும் பொதுவாக ஒரு மென்பொருள் எழுதும் வேலை நாகேந்திரன் வேலை பார்த்த சிறிய கம்பெனிக்குக் கிடைத்திருந்தது. அதற்கு முன் சொற்களைச் சரிசெய்ய வேண்டும். ஒரு கிளையில் படுக்கை கொடுத்தால்தான் அட்மிஷன். இன்னொன்றில் டோக்கன் போட்டாலே அட்மிஷன். எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட பிறகுதான் மற்ற வேலை தொடங்கும்.

காலையிலிருந்து எல்லாம் சுலபமாகவே நகர்ந்தது. 'முடிவு' என்ற கட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது.

"இறந்தவுகள எதுல சார் போடுவீக?" என்று கேட்டிருந்தான் நாகேந்திரன்.

"நம்ம ஆஸ்பத்திரியில அப்படி ஆகுறதே இல்ல." மேலாளர் பெருமையாகத்தான் சொன்னார். "நெலமை மோசம்னா உடனே மதுரைக்கு அனுப்பிருவோம்ல."

"போற வழியில இறந்துட்டா?"

"கேட்டைத் தாண்டிட்டா அவுக நம்ம நோயாளி இல்லையே."

நாகேந்திரன் நான்காவது வரியைத் தட்டச்சு செய்தான். வழியில் இறந்தார்.

மூலையில் உட்கார்ந்திருந்த தலைமைச் செவிலியர் நீலாயதாட்சி மட்டும் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

யார் எதைச் சொன்னாலும் சரி என்று எழுதிக்கொண்டு போகிறவன் அவன். கம்பெனியில் அவனுக்கு அந்தப் பெயர்தான். இந்த வேலைக்குத் தன்னை அனுப்பும்படி அவனே கேட்டு வாங்கியிருந்தான். ஏன் என்று யாரும் விசாரிக்கவில்லை.

"வண்டி போய்ச் சேர்ந்துச்சான்னு ஒரு போன் போட்டுக் கேட்டாப் போதும் சார். ஒரே ஒரு கட்டம்."

"அந்தக் கட்டத்துல நாலு பேரு விழுந்தா அப்புறம் எவன் இங்க வருவான்? அழிங்க அதை."

அவன் அழிக்கவில்லை. வேண்டும் என்றான். பிறகு இன்னொரு முறை, சத்தமாக, வேண்டும் என்றான். மேலாளர் அவனை வினோதமாகப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து பேசலாம் என்று எழுந்துபோனார்.

நாகேந்திரன் வராந்தாவுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழே ஆம்புலன்ஸை யாரோ கழுவிக்கொண்டிருந்தார்கள்.

நீலாயதாட்சி பின்னால் வந்து நின்றாள்.

"நீங்க சுபா வீட்டுக்காரர்தானே தம்பி?"

அவன் தலையசைத்தான். போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று மனைவியை இந்தக் காரைக்குடிக் கிளையில்தான் கொண்டுவந்து சேர்த்தான். மூன்றாம் நாள் மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸில் அவள் பக்கத்தில் அவன்தான் உட்கார்ந்து போனான். திருப்பத்தூர் தாண்டியதும் டிரைவர் கண்ணாடியில் அவனை ஒருமுறை பார்த்துவிட்டு சைரனை நிறுத்தினார்.

"உள்ள வந்ததுமே உங்களத் தெரிஞ்சிருச்சு," என்றாள் அவள். "அந்த நாலாவதுக்காக இம்புட்டு மல்லுக்கட்டாதீக தம்பி. அது உங்க சுபாவுக்குச் சேராது."

அவன் புரியாமல் பார்த்தான்.

அவள் வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள். "வழியில இல்ல. வண்டியில ஏத்துறதுக்கு முன்னாலேயே முடிஞ்சிருச்சு. ஆக்ஸிஜன் மாஸ்க்கை மாட்டி ஏத்திவிடச் சொன்னாக. நாந்தான் மாட்டுனேன்."

அவன் ஏதாவது கேட்பான் என்று சற்று நேரம் நின்றாள். அவன் கீழே நின்ற ஆம்புலன்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். வார்டிலிருந்து யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

டீ முடிந்து எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். நாகேந்திரன் சுவரில் இருந்த நான்காவது வரியைப் பார்த்தான். அதுவும் பொய்யாகிவிட்டது. வேறு ஒரு வரி எழுதலாம்தான். அதை எழுதினால் இந்த அறையில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நீலாயதாட்சிகூட நாளை இல்லை என்றுதான் சொல்வாள். அவள் இப்போதே குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் நான்காவது வரியை அழித்தான்.

"அப்படி வாங்க," என்றார் மேலாளர். "பேசுனா எல்லாம் சரியாயிரும்." கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை அவனிடம் நீட்டினார். அவனும் போட்டான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மாமியார் நாகவல்லி, துக்கம் கேட்கத் தாமதமாக வந்திருந்த தூரத்து உறவுக்காரி ஒருத்தியுடன் பேசிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"மாப்பிள்ளையவே கேளு. பிள்ளையார்பட்டி விலக்கு ரோடு வரைக்கும் எம்புள்ளைக்கு நெனவு இருந்துச்சு. இவுக பேசப் பேச கேட்டுக்கிட்டே வந்திருக்கா. அந்த விலக்குகிட்ட இவுக கையைப் பிடிச்சு ஒரு அழுத்து அழுத்துனாளாம். அப்படித்தானே மாப்பிள்ளை?"

நாகேந்திரன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"ஆமா அத்தை," என்றான். "நல்லா அழுத்துனா."