நீல மூடிப் பெட்டி

பதினோராவது கிராஃப்னேயும் எண்ணெயில் புரண்டு சத்தியபாமாவின் முகத்தில் கரி பூசியது.

குரோஷியாக்காரர் வீட்டில் சுடும் இந்த ஜாம் டோநட்டுக்கு இடுப்பில் ஒட்டியாணம் மாதிரி வெள்ளை வளையம் விழவேண்டும். விழாவிட்டால் அது கிராஃப்னேயே இல்லை என்று யூரியூப்பில் ஒரு அம்மா அடித்துச் சொல்லியிருந்தாள்.

எல்லாம் பக்கத்து வீட்டு அங்கிட்சாவால் வந்த வினை. ஜனவரிக் கடைசியில் ஒரு நீல மூடிப் பெட்டி நிறையக் கிராஃப்னே வைத்து வேலிக்கு மேலால் நீட்டினாள்.

வந்த பெட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மனசு வருமா? சத்தியபாமா வடை வைத்துக் கொடுத்தாள். அடுத்த சனிக்கிழமை அதே பெட்டியில் கிராஃப்னே வந்தது.

ரோல்ஸ் போனது. கிராஃப்னே வந்தது. பயித்தம் பணியாரம் போனது. கிராஃப்னே வந்தது.

ஒன்பது மாதம். வெள்ளிக்கிழமை பின்னேரமெல்லாம் அடுப்படியிலேயே கழிந்தது. கணவர் தேவராஜாவின் காற்சட்டைகள் ஒன்றும் இப்போது பூட்டுப்படுவதில்லை.

அங்கிட்சாவின் பலகாரத்தையே அவளைவிடத் திறமாகச் செய்து அனுப்பினால் வாயடைத்துப் போவாள், விவகாரம் இன்றோடு முடியும் என்பது சத்தியபாமாவின் திட்டம்.

மாவுக்கு ரம் வேண்டுமாம். தேவராஜா அரிசி வாளிக்குள் ஒளித்துவைத்திருந்த விஸ்கியை ஊற்றியிருந்தாள்.

பன்னிரண்டாவது புரண்டது. வளையம்!

பேரனின் மருந்துச் சிறிஞ்சால் எல்லாவற்றுக்கும் அப்ரிகொட் ஜாம் ஏற்றிவிட்டு, வெற்றிக் களிப்போடு பெட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அடியில், இத்தனை நாள் கண்ணில் படாமல் பாதி அழிந்த கறுப்பு மையில், அவளுடைய கையெழுத்து. 'சத்தியபாமா.'

தைப்பொங்கலன்று இந்தப் பெட்டியில்தான் சர்க்கரைப் பொங்கல் போட்டு அங்கிட்சாவிடம் கொடுத்திருந்தாள். பாவம், ஒன்பது மாதமாகப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது அங்கிட்சாதான்.

இனிப் பெட்டியை அலுமாரிக்குள் வைத்தால் போதும். எல்லாம் முடிந்தது.

"என்னப்பா, இண்டையோட முடியுதுதானே?" ஹோலிலிருந்து தேவராஜா கேட்டார்.

சத்தியபாமா ஜன்னலால் வேலியைப் பார்த்தாள். செவன் ஹில்ஸுக்கு வந்து ஆறு வருடம். இந்தத் தெருவில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆள் சனிக்கிழமைகளில் அந்த வேலிக்கு மேலால்தான் கூப்பிடுகிறாள்.

"ஓமப்பா," என்றாள்.

தேவராஜா எழும்பி வருவதற்குள் சட்டி தேய்க்கும் கம்பித் தும்பை எடுத்து, தன் பெயரை அழுத்தித் தேய்த்து அழித்தாள்.

பிறகு கிராஃப்னேகளை அடுக்கி, வளையம் விழுந்த அந்த ஒன்றை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, நீல மூடியைப் பூட்டிக்கொண்டு வேலியடிக்குப் போனாள்.