ஏ பொய்?

மேசையின் ஒரு பக்கம் கதிரை நுனியில் இருந்தான்.



எதிரே வீட்டுச் சொந்தக்காரி ரொசாலியா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திரும்பவும் துடைத்தாள்.

நடுவில் ஒரு தாள், அவனது அறையில் குடும்பமும் இருக்கலாம் என்ற சம்மதப் படிவம்.

அவள் கையெழுத்து வைத்தால் நாளைக் காலை குடிவரவுக் கந்தோரில் கொடுத்துவிடலாம். வைக்காவிட்டால் குடும்பம் யாழ்ப்பாணத்தில். அவன் பலெர்மோவில். இன்னும் எத்தனை வருடமோ.

மூன்று இத்தாலிய வசனங்களைப் பாடமாக்கி வந்திருந்தான். ஹோட்டலில் கோப்பை கழுவும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டான். இங்கே படியேறும்போதும்.

இது என் மனைவி. இது என் மகன். நன்றி, சிஞ்ஞோரா.

மகளுக்கு வசனம் இல்லை.

அறையைக் கொடுத்த அன்றே ரொசாலியா ஒற்றை விரலை உயர்த்திக் காட்டியிருந்தாள். ஒரு பிள்ளை என்றால் இருக்கலாம். இரண்டு என்றால் வேறு வீடு பார்.

சின்னவள் பிறகு வரட்டும் என்று மனைவி தர்சினியிடம் சொல்லியிருந்தான். அவள் போனை வைத்துவிட்டாள். ஆறு நாளாகிறது.

ரொசாலியா பேனையை எடுத்தாள். மனைவியின் பெயரைக் கேட்டாள். எழுத்தெழுத்தாகச் சொன்னான். மகனின் பெயரைக் கேட்டாள். சொன்னான். எழுதினாள்.

தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.

"ஏ பொய்?"

தெரிந்த சொல்தான். இத்தாலியச் சொற்களைக் குறிக்கும் கொப்பியின் இரண்டாம் பக்கத்தில் அவனே எழுதி வைத்திருந்தான். பொய் என்றால் பிறகு. ஏ பொய் என்றால், அடுத்தது என்ன? ஹோட்டலில் நாளுக்கு இருபது தடவை காதில் விழுகிறது.

இன்று விழுந்தது தமிழாக.

முகம் சுட்டது. இவளுக்கு யார் சொன்னது?

"நோ பொய், சிஞ்ஞோரா. நோ பொய்."

அவள் தலையசைத்தாள். பேனை கையெழுத்து வைக்கும் இடத்துக்கு இறங்கியது.

அப்போதுதான் விளங்கியது. அடுத்த பெயரைக் கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான். வேறு யாரும் இல்லை என்று இவன் சொன்னதாக எடுத்துக்கொண்டாள்.

சும்மா இருந்தால் போதும். ஒரு நிமிடம்.

இருக்க முடியவில்லை.

"துவே," என்றான். இரண்டு என்று. கதிரையை விட்டு எழும்பிவிட்டிருந்தான். "பம்பினா. பிக்கொலா."

பெண் பிள்ளை. சின்னவள்.

பேனை நின்றது.

ரொசாலியா அவனைப் பார்க்கவில்லை. திறந்திருந்த பால்கனியைப் பார்த்தாள். கம்பிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தாள்.

"கம்மீனா?"

நடக்கிறாளா?

இந்தச் சொல்லும் தெரியும். பதில்தான் தெரியவில்லை. அவன் இங்கே வந்து ஐந்தாம் மாதம் பிறந்தவள். போனில் எப்போது பார்த்தாலும் தாயின் மடியில் இருப்பாள். அல்லது தூக்கத்தில்.

போனை எடுத்தான். விரல் இரண்டு தடவை வேறு பெயரில் விழுந்தது.

"தர்சி, சின்னவள் நடக்கிறாளே?"



"இப்பதான் கேக்கோணும் எண்டு வந்ததோ உங்களுக்கு?"

"சொல்லுமப்பா. இவ கேக்கிறா."

"ஆர்?"

"வீட்டுக்காரி. சொல்லிப்போட்டன், ரெண்டெண்டு."

தர்சினி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நடக்கிறாளோ எண்டோ? ஓடுறாளப்பா. பிடிச்சு இருத்தேலாமக் கிடக்கு."

ரொசாலியா காத்திருந்தாள்.

ஓடுகிறாள். அதற்கு என்ன சொல்வது? கொப்பியில் அவ்வளவு தூரம் அவன் இன்னும் போகவில்லை.

இரண்டு விரல்களை மேசையில் ஊன்றினான். ஓடவிட்டான். தாளின் மேல் ஏறி, மகனின் பெயரை மிதித்து, நிற்காமல், மேசை விளிம்பை நோக்கி.

ரொசாலியா பேனையைப் போட்டுவிட்டு, அந்த விரல்கள் விழுந்துவிடாமல் விளிம்பில் கையை மறித்து வைத்தாள்.