மார்லிஸ் கதவைத் திறக்கவில்லை

“கதவை உடைச்சிடாதீங்க டுவேன். போலீஸுக்குச் சொல்லியாச்சு, வந்துட்டிருக்காங்க,” என்றாள் போனில் தொண்டு அலுவலகப் பெண்.

டுவேனுக்கு அதுவரை பொறுமையில்லை. தனியாக வாழும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தொண்டர் அவர். அவருக்கே எழுபத்தாறு வயது என்பது வேறு விஷயம். ஆளைக் கண்ணால் பார்க்காமல் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு வரக் கூடாது என்பது அங்கே சட்டம். மணியை அடித்தாயிற்று, கதவைத் தட்டிக் கையும் சிவந்தாயிற்று. உள்ளே சத்தமே இல்லை.

சக்கர நாற்காலியில் இருக்கும் இந்த வீட்டு மார்லிஸ் அம்மாள் இந்தப் பனியில் எங்கே போயிருக்க முடியும்?

இரண்டு வருடத்துக்கு முன், ஏரியில் மீன் பிடிக்கிறேன் என்று நேரமாக்கிவிட்டு டுவேன் வீடு திரும்பியபோது, மனைவி ஜாய்ஸ் சமையலறைத் தரையில் கிடந்தாள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர். அதன்பிறகு திரைச்சீலையைக்கூட விலக்காமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தவரை, மகள் கிரிஸ்டன்தான் நச்சரித்து இந்தத் தொண்டில் சேர்த்துவிட்டாள்.

மார்லிஸ் வீட்டுக்கு வர ஆரம்பித்ததிலிருந்து மனிதர் தினமும் சவரம் செய்கிறார். அந்த வீட்டு வாசலில் பனியை வாரி ஒதுக்கிவிட்டு, “நீங்க இல்லன்னா என் பாடு திண்டாட்டந்தான்” என்று அந்த அம்மாள் சொல்வதைக் கேட்டால்தான் அவருக்கு அன்றைய சாப்பாடே இறங்கும்.

இந்த முறையும் தாமதமாக வந்துவிட்டோமோ? பின்கதவுக் கண்ணாடியை உடைக்க ஒரு பூந்தொட்டியைத் தூக்கிக்கொண்டு, முழங்கால் அளவு பனியில் விழுந்து எழுந்து வீட்டைச் சுற்றி ஓடினார்.

பின்பக்கத்தில் மார்லிஸ் நின்றுகொண்டிருந்தார். காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு, பெரிய மண்வாரியால் பனியை அள்ளி அள்ளி வேலிப் பக்கம் வீசிக்கொண்டிருந்தார். சக்கர நாற்காலி கொட்டகை ஓரம் மடங்கிக் கிடந்தது.

பூந்தொட்டி டுவேனின் கையிலிருந்து நழுவி விழுந்தது. மார்லிஸ் திரும்பிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“பன்னெண்டுக்குத்தானே வருவீங்க? இப்ப பதினொண்ணுதானே ஆகுது?”

“பன்னெண்டாச்சு. கோடைக்கால நேரக் கணக்குக்காக நேத்து ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வெச்சுதே, நீங்க வெக்கலையா?” என்றார் டுவேன், மூச்சு வாங்க. உயிரோடு பார்த்த நிம்மதியில் அவருக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. நடக்க முடியாது என்று இத்தனை நாள் ஏன் ஏமாற்ற வேண்டும் என்று கேட்டார்.

மார்லிஸ் மண்வாரியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“கிரிஸ்டன்கிட்ட சொல்லிடாதீங்க. ‘அப்பா வீட்டை விட்டு வெளியவே வரமாட்டேங்கிறாரு, அவர் கையால தினம் சாப்பாடு வாங்கிக்க ஒருத்தர் வேணும்’னு வந்து அழுதா. நானும் உங்களை மாதிரி தொண்டுக்குப் பேர் கொடுத்தவதாங்க. நான் பார்த்துக்கணும்னு எனக்கு ஒப்படைச்ச ஆளு நீங்க.”