தெருவுக்கு ஒரு வீடு

அந்தரங்கக் காப்பு ஆணையத்துக்கு இந்த வருஷம் அரசு ஒதுக்கிய நிதி, தெருவுக்கு ஒரே ஒரு வீட்டைக் காக்கத்தான் போதுமானதாக இருந்தது. குலுக்கலில் எதிர்வீட்டு பிலோமினா பெயர் விழுந்தது. செண்பகவல்லிக்கு வயிறு எரிந்தது. ஒலிபெருக்கி கட்டிய விற்பனை வண்டி தினமும் இவள் வாசலில் நின்று, இவளுடைய மூட்டுவலியையும் நரைமுடியையும் ஊருக்கே சொல்லி, தைலமும் சாயமும் விற்றது. பிலோமினா வீட்டை மட்டும் வாயே திறக்காமல் தாண்டிப் போனது.

“அப்படி என்னத்தை ஒளிக்கிறாளாம் அவ?” என்று மூன்று நாளாகக் கணவனிடம் பொருமினாள்.

நான்காம் நாள் காலை வண்டி வந்தபோது, பிலோமினா செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“செண்பகவல்லி அம்மா! எதிர்வீட்டு மேல பொறாமைப்பட்டு மூணு நாளா நெஞ்செரிச்சலா? மருந்து பாதி விலை!”

பிலோமினா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்:

“நிறையவே வாங்கி வச்சுக்கோங்கக்கா. அடுத்த குலுக்கலுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு.”